உள்ளேன்

உதடு குவிந்து நிற்கிறது, உ என்ற ஓசை மட்டும் வெளியே வரவில்லை, முப்பத்தொன்று என்று தணிகாசலம் சார் என் எண்ணைக் கூப்பிட்டுவிட்டுப் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருக்கிறார், உள்ளேன் ஐயா என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான், தொண்டைக்குள் யாரோ கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டதுபோல இருக்கிறது, வகுப்பு சிரிக்கத் தொடங்குகிறது, இன்னாம்மா, வந்துக்கிறியா இல்லியா, என்கிறார் சார், எதிரே உட்கார்ந்திருக்கும் என்னைப் பார்த்துக்கொண்டே ஆப்சென்ட் என்று எழுதுகிறார், இப்படி நான் வராத நாட்கள் கூடிக்கூடி, வருகை போதாது, பொதுத்தேர்வு எழுத முடியாது என்று அப்பாவுக்குச் சொல்லி அனுப்பினார், தெனமும் யூனிஃபார்ம் போட்டுக்கினு எங்கடி போற, என்று கேட்டார் அப்பா.

எனக்கு விளங்காதது ஒன்றுதான், அதே உள்ளேன் மெர்லின் வீட்டு மாடியில் மட்டும் எப்படி வந்தது, மெர்லின் என் பெஞ்சுக்காரி, அரக்கோணம் ரயில்வே குவார்ட்டர்ஸில் அவள் அண்ணன் டிரம்ஸ் வைத்திருந்தான், ஒரு நாள் அவள் இயர்போனை என் காதில் செருகினாள், ஹார்ட்கோர் பங்க் மியூசிக்டி, கேளு, ஒரு நிமிஷம்கூட நீடிக்காத பாட்டு, எவனோ அடிவயிற்றிலிருந்து கத்துகிறான், ஒரு சொல்லும் புரியவில்லை, ஆனால் எனக்குள் பூட்டிக் கிடந்த அத்தனையும் அவனுக்குத் தெரிந்திருந்தது, அழுகை வரவில்லை, பல்லைக் கடித்தேன், சாரின் பேனா கண்ணுக்குள் நின்றது, மாடியில் அவள் அண்ணன் டிரம்ஸ் அடிக்க அடிக்க நானும் கத்தினேன், உள்ளேன், உள்ளேன், திக்கவே இல்லை, கத்துடி, அந்தாளு காது கிழியணும், என்றாள் மெர்லின்.

ஆண்டு விழாவுக்கு எழுச்சிப் பாடல் என்று பெயர் கொடுத்திருந்தோம், முன்வரிசையில் சார், டிரம்ஸ் இடிக்கிறது, மெர்லின் கிட்டாரைப் பிறாண்டியபடி அவர் குரலிலேயே முப்பத்தொன்னு என்கிறாள், நான் கத்துகிறேன், மறுபடி கூப்பிடுகிறாள், இந்த முறை பின்வரிசைப் பெண்களும் சேர்ந்து கத்துகிறார்கள், என்னைப் பார்த்துச் சிரித்த அதே வாய்கள், சார் மேடையேறி மைக்கைப் பிடுங்கினார், நி, நி, என்று வாயைத் திறந்து திறந்து மூடுகிறார், கோபத்தில் நிறுத்து என்ற சொல் நகரவில்லை, நான் இல்லாத பேனாவைத் தூக்கிப் பிடித்துக் காத்திருந்தேன், நிதானமாக, அவர் காத்திருந்ததுபோலவே, பிறகு காற்றில் பெரிதாக எழுதினேன், ஆப்சென்ட், கூடமே சிரித்தது, இனித்தது, இன்றும் இனிக்கிறது, தலைமையாசிரியை விசாரித்து என் நாட்களையெல்லாம் திருப்பிக் கொடுத்தார், எனக்கு அது போதவில்லை, நான் வந்திருக்கிறேன் என்று சார் தன் பேனாவாலேயே எழுத வேண்டும்.

திங்கட்கிழமை, முப்பத்தொன்று, உதடு குவிந்து நிற்கிறது, டிரம்ஸ் இல்லை, மெர்லின் மேசைக்கு அடியில் காலால் தட்டுகிறாள், மாடியில் கத்தும்போது என்ன செய்தேன் என்று தேடுகிறேன், அடிவயிறு முதலில் உள்ளே போகும், காற்று முன்னால் ஓடும், சொல் பின்னால் தொற்றிக்கொள்ளும், இங்கேயோ நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு சொல்லைத் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறேன், வயிற்றை உள்ளிழுத்தேன், உள்ளேன், என்றேன், கத்தாமல், மேலும் ஒரு சொல்லுக்காகக் காத்திருந்த பேனா, அது வராததைக் கண்டு, கடைசியில் பிரசென்ட் என்று எழுதியது, வழி இவ்வளவுதான், மூச்சைப் பிடித்தால் கதவு இறுகும், விட்டால் திறக்கும், முதலில் மூச்சை விட வேண்டும், அதன்மேல் உள்ளேனை ஏற்ற வேண்டும், ஐயாவை ஏற்றத் தேவையில்லை.