ஜாவா மாப்பிள்ளை

2001ஆம் வருடம் எனக்கு வந்த இரண்டு வரன்கள் ஒரே காரணத்தால் தட்டிப்போயின. நான் கோபோல் மொழியில் புரோகிராம் எழுதுகிறவள். இரண்டாயிரமாவது வருடத்துத் தேதிக் கோளாறைச் சரிசெய்ததோடு அதற்கு வேலை முடிந்துவிட்டது, இனி எல்லாம் ஜாவா மொழிதான் என்று பெங்களூரில் பால்காரர் வரைக்கும் பேசிக்கொண்டிருந்த நேரம். நான் எழுதுவதை நம்பித்தான் ஒரு வெளிநாட்டு வங்கி தினமும் கதவு திறக்கிறது என்று யாரிடம் போய்ச் சொல்வது?

மூன்றாவது வரன் ஸ்ரீராம்புரம் ஹரிஷ்குமார். இந்த முறை அம்மா தரகரிடம் பெண்ணுக்கு ஜாவா என்று சொல்லிவிட்டாள். வந்த கோபத்தில், அவர்கள் வருகிற அன்று கிண்டிய கேசரியில் சர்க்கரையை அள்ளிக் கொட்டினேன். சோறு போடுகிற மொழியைத் தீராத வியாதி மாதிரி மறைப்பதா? ஆனால் வாயைத் திறக்கவில்லை. இதுவும் போய்விடுமோ என்ற பயம் எனக்கும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஜீவனஹள்ளியில் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தார்கள். பையனும் ஜாவாதான் என்று அவருடைய அப்பா சுந்தரராமன் இரண்டு தடவை சொன்னார். ஹரிஷ்குமார் அந்தக் கேசரியை முழுதாகச் சாப்பிட்டார். எனக்கு அப்போதே அவரைப் பிடித்துவிட்டது. பிடித்ததும் பொய் இன்னும் உறுத்தியது.

கிளம்பும்போது, ஆபீஸில் விசாரிக்க விலாசம் வேண்டும் என்று என் அப்பா ஒரு தாளை நீட்டினார். ஹரிஷ்குமார் எழுதித் தந்ததை அப்பா வாங்கி என்னிடம் கொடுத்தார். எல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்து. ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் ஏழு எழுத்துக்கு இடம் காலி. கோபோலில் முதல் ஏழு இடத்தை விட்டு எட்டாவதில்தான் வரியைத் தொடங்க வேண்டும். வருடக்கணக்கில் பழகிய கை மளிகைச் சாமான் பட்டியலிலும் அப்படித்தான் இடம் விடும். என் கையும் விடும்.

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"எத்தன வருஷமா கோபோல்?" என்று அவரிடம் கேட்டுவிட்டேன்.

சுந்தரராமன் மின்விசிறியைப் பார்த்தார். ஹரிஷ்குமார் நெளிந்துகொண்டே, "ஆறு வருஷங்க" என்றார்.

"எனக்கு நாலு" என்றேன். அம்மா முறைத்தாள்.

சுந்தரராமனுக்குத்தான் கவலை பிடித்துக்கொண்டது. ஒரே வீட்டில் இரண்டு பேரும் அதையே நம்பியிருந்து, நாளைக்கு அது ஒழிந்துபோனால் என்ன கதி என்று மகனைக் கேட்டார்.

"எங்க ஆபீஸ்ல ஜாவா பசங்க பதினோரு பேரு வேலையில்லாம சும்மா உக்காந்திருக்காங்கப்பா. எங்களுக்கு லீவு கேட்டாக்கூட தரமாட்டேங்கறாங்க."

சுந்தரராமன் என் பக்கம் திரும்பினார்.

"அப்ப கல்யாணத்துக்கு ரெண்டு பேருக்கும் சேந்தாப்ல லீவு கெடைக்குமாம்மா?"

"நாளைக்கே கேட்டு வெச்சிடறேன் மாமா" என்றேன்.