மூன்றாவது கொட்டகைக்குள் வந்த கிருமி

கோழிப்பண்ணையின் மூன்றாவது கொட்டகையில் முதல் கோழி செத்துத் தொண்ணூற்றாறு மணி நேரம் ஆகியிருந்தது. இருபதாயிரம் கோழிகளும் போய்விட்டன. இப்போது ஊருக்குள் மரியாஷ் அக்காவின் நாற்பது பெருவாத்துகளைக் கொல்ல, சாக்குகளோடு வண்டி வந்து நின்றது. குளிர்காலம் முழுவதற்கும் அவள் வீட்டுக்கு இறைச்சி அவைதான்.

பண்ணை மேலாளர் தோக்தாசின், ஊர்க்காரர்களுக்குத் தோக்கே, வேலியில் சாய்ந்துகொண்டு மாவட்ட ஆய்வாளரிடம் பேசிக்கொண்டிருந்தார். ஏரிக்குப் போய் மேயும் இந்தப் பெருவாத்துகள்தான் காட்டுப் பறவைகளிடம் நோயை வாங்கிப் பண்ணைக்குக் கொடுத்தனவாம்.

"உங்க கோழிங்க வெயிலையே பார்த்ததில்ல, தோக்கே. என் வாத்து கதவைத் தட்டிட்டு உள்ள வந்துச்சாக்கும்" என்றாள் மரியாஷ் அக்கா.

வண்டியில் வந்த ஆட்கள் சிரித்தார்கள். சாக்குகளை மட்டும் கீழே வைக்கவில்லை.

நான் கால்நடை ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். கூட்டத்தில் எனக்குக் குரல் எழும்பாது. ஆய்வாளரிடம் தாள்களை நீட்டினேன். அக்காவின் பெருவாத்துகளில் கிருமி இல்லை. ஏரியின் காட்டு வாத்துகளில் இருப்பது சாதுவான வகை. குடலோடு நின்றுவிடும், வாத்து பாட்டுக்கு நீந்திக்கொண்டிருக்கும். பத்தொன்பது நாட்களுக்கு முன் கொட்டகையில் நான் எடுத்த மாதிரிகளிலும் அதே சாதுதான். பிறகு அது நெருக்கியடித்து நிற்கும் கோழிகளில் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவியது. தன்னைப் பிரதியெடுக்கும்போதெல்லாம் பிழை செய்தது. ஒரு பிழையில் மரபணுவில் சில எழுத்துகள் கூடிவிட்டன. அதன்பின் அதற்குக் குடல் போதவில்லை. மூளைக்கும் இதயத்துக்கும் போனது. கொலைகாரன் வானத்திலிருந்து வரவில்லை. கொட்டகையில் வளர்ந்தான்.

ஆய்வாளர் தாளைப் புரட்டினார். சாதுவோ என்னவோ, அது உள்ளே எப்படி வந்தது என்று கேட்டார். இவள் வாத்துகளின் எச்சத்தை யாராவது மிதித்துக்கொண்டு வந்திருப்பார்கள் என்றார் தோக்தாசின். ஆய்வாளர் தலையசைத்தார். வேலிக்கதவைத் திறக்கச் சொன்னார்.

தோக்தாசின் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். "தங்கச்சிக்குப் படிப்பு ஜாஸ்தி. போய் டீ குடி, போ."

பத்தொன்பது நாட்களுக்கு முன்பும் இப்படித்தான் சிரித்து, ஒரு விஷயத்தை எழுதாதே என்றார். எழுதவில்லை. என்னையே அறையலாம் போலிருந்தது.

ஒருவன் முதல் பெருவாத்தின் கழுத்தைப் பிடித்தான்.

"விடுங்க அதை" என்றேன். "அன்னைக்கு நான் மாதிரி எடுத்ததுல ஒண்ணு கோழியே இல்ல. தோக்கே வேட்டைக்குப் போறப்போ ஏரியில கயித்துல கட்டி மிதக்க விடுவாரே, கத்திக் கத்திக் காட்டு வாத்துகளை இறக்குமே, அந்த வாத்து. ஏரியிலேர்ந்து வந்ததும் அதை அவர் அடைக்கிறது மூணாவது கொட்டகையில, கோழிகளோட."