நாலு புள்ளி மூணு

பதினோராவது வீட்டு மாடிப்படியில் இறங்கும்போது ருக்சாருக்கு முட்டி பிடித்துக்கொண்டது. ஏறும்போது வலி தெரியவில்லை. ஏறும்போது வீடு கிடைத்துவிடும் என்ற நினைப்பு இருந்தது.

வீட்டுக்காரர் மரியாதையான மனிதர்தான். உட்காரச் சொன்னார், ஃபிரிட்ஜிலிருந்து தண்ணீர் எடுத்துக் கொடுத்தார், மகள் ஆயத்தைக் கூப்பிட்டு எந்த வகுப்பு என்று விசாரித்தார். எல்லாம் முடிந்த பிறகு, "பேர் என்ன சொன்னீங்க சார்?" என்றார். தௌசீஃப் என்று அவள் புருஷன் சொன்னான். "ஓ" என்றார் அவர். உடனே அவருக்குத் தன் மச்சினி மகன் கோயம்புத்தூரிலிருந்து குடிவரப்போவது ஞாபகம் வந்துவிட்டது.

இந்த இரண்டு மாதத்தில் ருக்சார் கேள்விப்பட்ட மச்சினி மகன்கள் எல்லோரும் ஒரே நாளில் ரயிலேறி வந்தால், மயிலாப்பூரிலும் ராயப்பேட்டையிலும் சேர்த்துக் காலியாக இருக்கும் வீடுகள் அவர்களுக்கே பத்தாது. முதல் இரண்டு வீட்டில் அழுகை வந்தது. அப்புறம் கோபம் வந்தது. இப்போது முட்டி வலி மட்டும்தான்.

கீழே புரோக்கர் ரகுபதி ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்து பாக்கு மென்றுகொண்டிருந்தான். முகத்தைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது.

"நான் பேரை முன்னாடியே சொல்லிட்டேன் மேடம், சத்தியமா. போன்ல சரி சரின்னுகினு இருந்தாரு. நேர்ல பாத்தா இன்னாவோ ஆயிடுது இவங்களுக்கு." ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான். "வர்ற ஞாயித்துக்கெழம இன்னொண்ணு கீது. நாலாவது மாடி. லிஃப்ட் கெடையாது."

"பாத்துடலாம் ரகு," என்றான் தௌசீஃப். அவனுக்கு வாரத்தில் லீவு என்பது அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். மற்ற ஆறு நாளும் விடியற்காலை நாலரைக்கு எழுந்து தரமணி கம்பெனி ஒன்றுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு வேன் ஓட்டுகிறான்.

இத்தனை அலைச்சலும் ஆயத்துக்காக. அவள் படிக்கும் பள்ளி ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. கால்வாய்க்கு அந்தப் பக்கம் பெண்கள் பள்ளி ஒன்று இருக்கிறது. அரசு உதவி பெறும் பள்ளி, பன்னிரண்டு வரை உண்டு, லேப் உண்டு, டீச்சர்கள் பாடம் நடத்துகிறார்கள். ருக்சார் மாட வீதியில் ஒரு கடையில் புடவைக்கு ஃபால்ஸ் தைக்கிறாள். கடைக்கு வரும் அம்மாக்களில் பாதிப் பேர் அந்தப் பள்ளியில் படித்தவர்கள். ஒருத்தி பேங்கில் இருக்கிறாள், ஒருத்தி டாக்டர். எட்டாவதோடு நிறுத்தப்பட்ட ருக்சார் அவர்கள் புடவைக்குக் கரை மடிக்கும்போதெல்லாம் ஆயத்தை நினைத்துக்கொள்வாள். ஆயத் அந்தப் பள்ளியில் சேர வேண்டும். ருக்சாருக்கு இந்த உலகத்தில் வேண்டியது அந்த ஒன்றுதான்.

விண்ணப்பத்தை தௌசீஃப்தான் நிரப்பினான். நிரப்புவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. பதினாலு வருஷமாகத் தினமும் ட்ரிப் ஷீட் எழுதுகிறவன். கிளம்பிய நேரம், சேர்ந்த நேரம், கிலோமீட்டர் ஒன்றுகூடத் தப்பாது, அடித்தல் திருத்தல் இருக்காது. அந்த ஷீட்டைப் பார்த்துத்தான் சூப்பர்வைசர் முத்துகிருஷ்ணன் மற்ற டிரைவர்களைத் திட்டுவார். "தௌசீஃபைப் பாத்துக் கத்துக்கங்கடா" என்று அவர் சொன்னதை ருக்சாரிடம் நூறு முறையாவது சொல்லியிருப்பான்.

மார்ச் மாதம் பட்டியல் ஒட்டினார்கள். ஆயத் பெயர் அதில் இல்லை. தௌசீஃப் பள்ளி ஆபீஸில் கேட்டுவிட்டு வந்து வாசல்படியிலேயே உட்கார்ந்தான்.

"ரெண்டு கிலோமீட்டருக்குள்ள கீறவங்களுக்குத்தான் மொதல்ல சீட்டாம். நம்ம வூடு தூரம். அந்தப் பக்கம் வூடு மாத்தினா, புது அக்ரிமென்ட்டோட மே இருபதுக்குள்ள வரச் சொன்னாங்க."

"எத்தினி தூரமாம்?"

"நாலு புள்ளி மூணு."

அவன் சொன்ன விதத்தில் அது டாக்டர் சொல்லும் சர்க்கரை அளவு போல இருந்தது. ருக்சாரும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டாள். ஆபீஸில் தூரம் என்கிறார்கள் என்றால் தூரம்தான்.

ஆனால் வீடு மாறுவது என்பது சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு போவதோடு முடிகிற சமாச்சாரமா? கச்சேரி ரோட்டுச் சந்தில் மாடியில் இரண்டு அறை, ஆயத் பிறந்ததிலிருந்து அங்கேதான். கீழே வீட்டுக்காரி ஹாஜிரா பீ. ருக்சார் அவளைக் காலா என்று சித்தி முறை வைத்துத்தான் கூப்பிடுவாள். பள்ளி விட்டு வரும் ஆயத்துக்கு ரொட்டி போட்டு, தலை வாரி, ருக்சார் கடையிலிருந்து திரும்பும்வரை பார்த்துக்கொள்வது காலாதான். ஒரு மாதம்கூட வாடகையை வாய்விட்டுக் கேட்டதில்லை, மாடியில் தண்ணீர் சிந்தினால் மட்டும் வாய் மூடியதில்லை. அங்கே போனால் ஆயத்தை யார் பார்ப்பது என்று ருக்சார் கேட்டாள். பத்து வயசாச்சு, பூட்டைத் தெறந்துகினு இருந்துக்கும் என்றான் தௌசீஃப். சொல்லிவிட்டு அவனே அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

பன்னிரண்டாவது வீடு கிடைத்தது. ராயப்பேட்டை மெயின் ரோட்டுக்குப் பின்னால், நாலாவது மாடியில் ஒரே அறை, ஒரு ஓரத்தில் சமையல் மேடை. மெட்ரோ வேலைக்காகத் தோண்டிய புழுதி நாலு மாடி ஏறி வந்து ஜன்னல் கம்பியில் உட்கார்ந்திருந்தது. வீட்டுக்காரம்மா ஆரோக்கியமேரி, ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். பெயரைக் கேட்டார், சொன்னார்கள். அவர் அசையவில்லை.

"கீழ்த் தொட்டிலேர்ந்து தண்ணி நீங்கதான் தூக்கிக்கணும். மோட்டார் ரிப்பேர். அதுக்குச் சம்மதம்னா சாவி வாங்கிக்கங்க," என்றார்.

ருக்சாருக்கு அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. தண்ணீர் தூக்கச் சொல்கிற ஒருத்திக்கு நன்றி சொல்லும் நிலைக்கு வந்துவிட்டோமே என்றும் இருந்தது. சாவியை வாங்கிக்கொண்டார்கள்.

அன்றைக்கே காலாவிடம் சொன்னாள். ஹாஜிரா பீ கையிலிருந்த கீரையை ஆய்ந்து முடித்தாள்.

"புள்ள படிப்புக்காகப் போற. நான் வாணாம்னா பாவம் எனக்கு," என்றாள். பிறகு, "உபைத் ரொம்ப நாளா கேட்டுக்கினு கீறான். கல்யாணமாகி வூடு இல்லாம மாமியார் வூட்டுல கீறான் பாவம். அவனுக்குச் சொல்லிடட்டா?"

உபைத் காலாவின் அண்ணன் மகன். இது நிஜமான அண்ணன் மகன். ருக்சார் சொல்லிடுங்க காலா என்றாள்.

மே பத்தொன்பது, கடைசி நாளுக்கு முந்தின நாள். தௌசீஃபுக்கு லீவு கிடைக்கவில்லை. புது அக்ரிமென்ட்டைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, ஆயத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ருக்சார் கிளம்பினாள். சந்தைத் தாண்டி, பறக்கும் ரயில் ஸ்டேஷனுக்குள் நுழைந்து, இந்தப் பக்கம் படியேறி அந்தப் பக்கம் படியிறங்கினால் கால்வாய் தாண்டிவிடும். ரயில் ஏறாதவர்களும் அந்த வழியாகத்தான் போவார்கள். அப்புறம் ஒரு தெரு, ஒரு வளைவு, பள்ளி. பட்டியலில் ஆயத் பெயர் இல்லாத அன்று, நம்பிக்கையில்லாமல் அவளே ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போனதும் இதே வழியில்தான்.

ஆபீஸில் இந்த முறை வேறொரு அம்மாள் இருந்தார். மேஜைமேல் வைதேகி என்று பலகை. ஆயத்தின் பழைய விண்ணப்பத்தைத் தேடி எடுத்து, புது அக்ரிமென்ட்டைப் பக்கத்தில் வைத்துப் படித்தார். கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு மறுபடி பழையதைப் படித்தார்.

"வீட்டை மாத்திட்டேளா? எதுக்கு?"

"தூரம்னு சொன்னாங்க மேடம். நாலு புள்ளி மூணு."

"யார் சொன்னா?"

"ஆபீஸ்லதான்."

"நாங்க சொல்லலைம்மா. இதுல நீங்கதான் எழுதியிருக்கேள். வீட்டுக்கும் பள்ளிக்கும் தூரம்னு ஒரு கட்டம் இருக்கு பாருங்கோ. எழுதினதைப் பாத்துண்டுதான் லிஸ்ட் போடுவா. எங்காத்துலேர்ந்து நாலு வீடு தள்ளித்தான் உங்க சந்து. நான் தினம் ஸ்டேஷன் வழியா நடந்துண்டுதான் வரேன். ஒரு கிலோமீட்டர்கூட வராதே. யார் இதை எழுதினது?"

கட்டத்துக்குள் தௌசீஃபின் கையெழுத்து, அச்சடித்த மாதிரி. 4.3.

ருக்சாருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. பிப்ரவரியில் ஒருநாள் டியூட்டி முடித்து வேனோடு வந்தவன், சந்து முனையில் நிறுத்தி மீட்டரைக் குறித்துக்கொண்டு பள்ளிவரை ஓட்டிப் போய்விட்டு வந்தான். வேன் ஸ்டேஷன் படி ஏறுமா? லஸ் பக்கம் மெட்ரோவுக்காக ரோட்டை அடைத்திருந்தார்கள். ஒன்வேயில் வளைந்து, திருப்பிவிட்ட இடத்திலெல்லாம் திரும்பி, சிக்னலைச் சுற்றிப் போனால் நாலு புள்ளி மூணு வராமல் என்ன செய்யும்? கிளம்பிய மீட்டர், சேர்ந்த மீட்டர், கழித்து எழுதிவிட்டான். ஊரெல்லாம் ஒன்று என்று போட்டுக் கொடுத்துவிட்டுப் போகும் கட்டத்தில், இந்த மனுஷன் ட்ரிப் ஷீட் எழுதியிருக்கிறான்.

"எங்க வூட்டுக்காரர் வேன் டிரைவர் மேடம்," என்றாள். 

வைதேகிக்குச் சிரிப்பு வந்தது, ருக்சாரின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார். "அன்னிக்கே யாராவது கேட்டிருந்தா அடிச்சுத் திருத்திக் குடுத்திருப்போம். போறது, சீட் இருக்கு. ஆயத், ஆறாம் வகுப்பு பி செக்‌ஷன். நன்னாப் படிக்கணும், என்ன?" என்று முத்திரை குத்தினார்.

அந்த முத்திரைச் சத்தத்துக்காக எத்தனை மாடி ஏறி இறங்கியிருக்கிறாள். சந்தோஷம் வந்தது, வரவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அவ்வளவு தூரம் நடந்து வந்ததால் அதுவும் களைத்துப்போய்த்தான் வந்தது.

திரும்பும் வழியில் ஆயத் வாட்சைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். வீட்டு வாசலில் நின்று, "பன்னெண்டு நிமிசம் அம்மி" என்றாள் அம்மாவிடம். ருக்சாருக்குத் தன் மேலேயே ஆத்திரம் பொங்கியது. இதே காலால் முன்பும் நடந்திருக்கிறாள். பன்னிரண்டு நிமிஷம் என்று கால் சொன்னதை விட்டுவிட்டு, நாலு புள்ளி மூணு என்று காகிதம் சொன்னதை நம்பியிருக்கிறாள்.

நேராகக் காலாவிடம் போனாள். மாடிப்படியில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு மர பீரோ நின்றது. உபைத்தும் அவன் மனைவி மஹ்விஷும் அதைத் திருப்ப முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு ஐந்தாவது மாதம்.

"வாங்க அக்கா, மன்னிச்சுக்கங்க, நாளைக்குத்தான் வரணும்னு இருந்தோம். இன்னைக்கே வண்டி கெடைச்சிடுச்சு," என்றாள் மஹ்விஷ்.

ஹாஜிரா பீ ருக்சாரின் முகத்தைப் பார்த்தாள். "இன்னா ருக்சார்? சீட்டு கெடைக்கலியா?"

"கெடைச்சிட்சு காலா."

"அல்ஹம்துலில்லாஹ். பின்ன ஏன் மூஞ்சி இப்டி கீது?"

மஹ்விஷ் இடுப்பில் கை வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். ருக்சார் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, "முட்டி வலி காலா" என்றாள்.

தௌசீஃப் ஐந்து மணிக்கு வந்தான். அவன் வந்ததும் என்னென்ன கேட்க வேண்டும் என்று ருக்சார் வரிசையாக வைத்திருந்தாள். பள்ளிக்கு நடந்து போகிறது புள்ளையா, வேனா? ஊரெல்லாம் சுற்றி ஓட்டிப் பார்த்தீங்களே, என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? அவன் உள்ளே வந்து, கட்டிப்போட்டிருந்த மூட்டைகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்தான். இரண்டு மாதமாக ஒரு ஞாயிறுகூடத் தூங்காத கண்கள் உள்ளே போயிருந்தன.

"இன்னா ஆச்சு?" என்றான், கேட்கவே பயந்தவனைப் போல.

"கெடைச்சிட்சு."

அவன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. ஆயத் ஓடிப்போய் அவன் முதுகில் சாய்ந்துகொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துச் சட்டையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"இப்பதான் புது வூட்டாண்டேர்ந்து ஸ்கூல் வரிக்கும் ஓட்டிப் பாத்தேன். ஒண்ணு புள்ளி ஆறுதான்," என்றான். "நல்லவேள வூடு மாத்தினோம் ருக்சார். இல்லன்னா கெடைச்சிருக்குமா?"

ஆயத் வாயைத் திறந்தாள். அம்மாவின் கண்ணைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

"கெடைச்சிருக்காது," என்றாள் ருக்சார். குனிந்து, கட்டிலின் ஒரு முனையைப் பிடித்தாள். "தூக்குங்க."