மூன்றாவது சிலிண்டரின் சூடு

துணிக்கடை முதலாளியின் ஒற்றை எஞ்சின் விமானத்துக்கு அவரைவிடக் கொஞ்சம்தான் வயது குறைவு. அதைப் பராமரிக்கும் எஞ்சினியர் நான். அவர் ஆசைப்பட்டபடி புது டிஜிட்டல் திரையைப் பொருத்தி எஞ்சினை ஓட்டியதும், மூன்றாவது சிலிண்டரின் சூடு சிவப்பில் ஏறி நின்றது.

"பழைய முள்ளு ஒரு நாளும் இப்படிக் காட்டினதில்லையேம்மா."

"அது செத்துப் பல வருஷம் ஆச்சு சார். செத்தது எப்படிக் காட்டிக் கொடுக்கும்?"

நாளைக்குச் சம்பந்தியை ஏற்றிக்கொண்டு பறக்க வேண்டுமாம். சிவப்பைப் பார்த்தால் மனுஷன் பயந்துவிடுவாராம்.

"அந்தச் சூட்டைக் காட்டுற ஒயரை மட்டும் பிடுங்கிட்டு, பறக்கலாம்னு கையெழுத்துப் போட்டுடு."

காய்ச்சலுக்கு மருந்து கேட்பவர்கள் உண்டு. தெர்மாமீட்டரை உடைக்கச் சொல்பவரை அன்றுதான் பார்த்தேன்.

"முடியாது சார். நடுவானத்துல எஞ்சின் நின்னா, உங்களைத் திட்டக்கூடச் சம்பந்தி மிஞ்சமாட்டார்."

"நாலு எழுத்துப் படிச்ச திமிரு."

"எங்க வீட்டுல முதல்ல படிச்சவ நான். மொத்தக் குடும்பத்துத் திமிரும் என்கிட்டதான் இருக்கு."

கையெழுத்துப் போட வேறு ஆளைத் தேடிக் காரில் கிளம்பினார். அவர் ஆளோடு திரும்புவதற்குள் நான் அந்தச் சிலிண்டரைக் கழற்றி, சம்பந்திக்கான தோல் இருக்கையில் எண்ணெய் வழிய உட்கார வைத்திருந்தேன்.