காப்புறுதிப் படிவத்தின் ஏழாவது கேள்வி

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, லண்டன், செவன் கிங்ஸ். வட இத்தாலியின் டொலமைட் மலைகளில் ஜூலை மாதம் தங்குவதற்கான நான்கு மலைவிடுதிகளில் மூன்றில் மூன்று பேருக்குப் படுக்கை உறுதியாகியிருந்தது. நான்காவது விடுதி அன்று மாலை ஆறு மணிவரை தவணை கொடுத்திருந்தது.

சுவர்ணாவின் சாப்பாட்டு மேசையில் வரைபடம் விரிந்து கிடந்தது. பாறையில் அறைந்த இரும்புக் கம்பியில், இடுப்புப் பட்டியிலிருந்து வரும் இரண்டு கொளுக்கிகளை மாறி மாறி மாட்டிக்கொண்டு ஏறும் பாதைகள் அதில் குறிக்கப்பட்டிருந்தன. ஒரு விடுதியிலிருந்து அடுத்த விடுதிக்கு ஒரு பகல் ஏற வேண்டும். சுவர்ணா கட்டடப் பொறியியலாளர். இந்தப் பயணத்துக்காக ஒரு வருட லீவைச் சேர்த்து வைத்திருந்தாள். உடன் வருகிறவர்கள் பிளேஸ்டோவில் இருக்கும் கௌசிகனும் அவன் தங்கை லக்‌ஷிகாவும். ஏறும் பயிற்சிக்கூடத்தில் மூன்று வருடப் பழக்கம்.

மலையில் விபத்து நேர்ந்தால் மீட்கும் செலவுக்கான காப்புறுதியை மூவருக்கும் எடுக்காமல் கடைசி விடுதியை உறுதி செய்வதில்லை என்று சுவர்ணா தீர்மானித்திருந்தாள்.

"ஆறு கிழமையா இந்த ஃபோமை நிரப்பித் தாரும் எண்டு கேக்கிறன். பாப்பம் பாப்பம் எண்டுறீர். எதைத்தான் பாக்கிறீர் கௌசி?"

"இண்டைக்கு முடிப்பம்."

"போன ஞாயிறும் இதைத்தான் சொன்னனீர். ஏழாவது கேள்வி மட்டும் வெறுமையாக் கிடக்கு. ரெண்டு வருசத்துக்குள்ள மயங்கி விழுந்ததோ, வலிப்பு வந்ததோ எண்டு கேட்டிருக்கு. ஓமோ இல்லையோ?"

"இல்லை எண்டு போடும்." கௌசிகன் யன்னலைப் பார்த்துச் சொன்னான்.

"இண்டைக்கும் ட்ரெயினில வந்தனீர். கார் எங்க?"

"கராஜில. கியர்பொக்ஸ்."

"போன மாசம் பிரேக் எண்டனீர். அந்தக் காரில இன்னும் என்னதான் மிச்சம்?"

லக்‌ஷிகா வரைபடத்தின் ஓரத்தை மடித்தாள், விரித்தாள். பிறகு, "அக்கா, ஓம் எண்டு போடுங்கோ," என்றாள்.

நவம்பரில் வேலைத்தளத்தில் கௌசிகனுக்கு வலிப்பு வந்திருந்தது. டிசம்பரில் வீட்டுக் குளியலறையில் இன்னொரு முறை. வைத்தியர் மாத்திரை கொடுத்தார்; கார் ஓட்டக்கூடாது, உயரங்களில் ஏறக்கூடாது என்றார். தாய் கமலேஸ்வரி அந்த மாத்திரைகளை விற்றமின் போத்தலுக்குள் மாற்றி வைத்தார். லக்‌ஷிகாவுக்கு லண்டனின் ஹரோ பகுதியில் ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. பரம்பரை வருத்தம் என்று கதை பரவும், வெளியில் மூச்சு விடக்கூடாது என்பது அவர் உத்தரவு. பிள்ளைகள் இருவரும் மூன்று மாதமாக அதைக் காத்தார்கள்.

சுவர்ணா மடிக்கணினியைத் தள்ளி வைத்தாள்.

"கொளுக்கியைக் கழட்டி மாட்டிற நேரம் வந்தா என்ன செய்வீர்? உமக்குக் கீழ வாறது நான். விழுந்தா என்ர தலையிலதான் விழுவீர். வருத்தம் வந்தது உம்மட பிழையில்லை. வராம நிண்டிருக்கலாம்தானே?"

"வராட்டி ஏன் எண்டு கேப்பினம். பயிற்சிக்கூடத்தில கேப்பினம், கோயிலில கேப்பினம். காரணம் சொல்லுறதைவிட ஏறுறது லேசு."

"ஏலாது அண்ணா," என்றாள் லக்‌ஷிகா. "நானும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தனான். அது என்ர பிழை. வருத்தம் வாறதில வெக்கப்பட ஒண்டுமில்லை. அதை ஒளிக்கிறதுதான் ஆளைக் கொல்லும். உன்னை மட்டுமில்லை, பக்கத்தில நிக்கிறவையையும். என்ர கலியாணத்துக்காக நீ கம்பியில தொங்கத் தேவையில்லை. ஹரோ ஆக்களுக்கு நானே சொல்லுறன்."

"அம்மா?"

"அம்மா கத்துவா. கத்தட்டும்."

கௌசிகன் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்தான். ஏழாவது கேள்விக்கு ஓம் என்று பதிலிட்டான்.

காப்புறுதி நிறுவனம் அவனை ஏற்கவில்லை. நான்காவது விடுதியில் இரண்டு படுக்கைகள் எடுக்கப்பட்டன. லக்‌ஷிகா மறுநாள் ஹரோவுக்குத் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னாள். யோசித்துச் சொல்வதாகச் சொன்னவர்கள் பிறகு அழைக்கவில்லை. கமலேஸ்வரி மகளோடு மூன்று கிழமை பேசவில்லை. ஜூலையில் சுவர்ணாவும் லக்‌ஷிகாவும் போய், ஐந்து நாளில் ஏறி முடித்துத் திரும்பினார்கள்.