கலங்காத அத்தானைக் கலக்குவது எப்படி

1

இது கதையாகப் பிறந்தது இல்லை. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு மாத இதழின் ஆசிரியர் போன் செய்து, பழைய கிரேக்க, ரோமானியச் சிந்தனையாளர்கள் இன்றும் நம் வாழ்க்கையில் எப்படியெல்லாம் செல்வாக்குச் செலுத்துகிறார்கள் என்று ஒரு கட்டுரை கேட்டார். சிறப்பிதழாம். சரி என்றேன். அந்த விஷயத்தில் எனக்கு ஒன்றும் தெரியாதுதான், ஆனால் சரி என்று சொல்லி மாட்டிக்கொண்ட பிறகுதான் எனக்கு எதுவுமே தெரிய ஆரம்பிக்கும்.

முதல் வரி இப்படி வந்தது:

ஏதென்ஸ் நகரத்துச் சந்தையில், காலில் செருப்புகூட இல்லாத ஒரு மனிதர் போவோர் வருவோரையெல்லாம் நிறுத்தி

வேண்டாம். இப்படித் தொடங்கும் கட்டுரைகளை நானே படிப்பதில்லை. இரண்டாவது முயற்சி:

ஜனநாயகம், தர்க்கம், சட்டம், மருத்துவர்கள் எடுக்கும் உறுதிமொழி ஆகிய அனைத்திலும் அவர்களுடைய

இதற்கு ஒரு முற்றுப்புள்ளி வைக்கக்கூட எனக்குக் கை வரவில்லை. எழுந்து அக்கா வீட்டுக்குப் போனேன். என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஆறாவது மாடி. எழுத்து வராதபோதெல்லாம் அங்கேதான் போவேன். அக்கா டீ போடுவாள், நான் குடித்துவிட்டுக் குறை சொல்வேன், மனசு லேசாகிவிடும்.

அன்று டீ வரவில்லை. அக்காவும் அத்தானும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சரியாகச் சொன்னால், அக்கா மட்டும் போட்டுக்கொண்டிருந்தாள். அத்தான் ரோமாபுரியில் இருந்தார்.

2

அத்தானை நீங்கள் நம்பப்போவதில்லை. எனக்கே சில நாள் சந்தேகமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன்.

அவருக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. லிஃப்ட் பாதியில் நின்று யாராவது உள்ளே மாட்டிக்கொண்டால் இவர் ஓட வேண்டும். கதவைத் திறப்பது அந்த வேலையில் பாதிதான். மிச்சப் பாதி, கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு உள்ளே இருப்பவரிடம் பேசிக்கொண்டே இருப்பது. குரலைத் தாழ்த்தி, அவசரமில்லாமல், அவருடைய பதற்றம் நம்மைத் தொற்றாமல் பேச வேண்டும். இதற்கென்று கம்பெனியில் ஒரு பயிற்சி வைத்தார்கள். பயிற்சி கொடுக்க வந்தவர் ஸ்டோயிக்குகள் என்ற கூட்டத்தைப் பற்றிப் பேசினார். உன் கையில் இருப்பது எது, இல்லாதது எது என்று பிரித்துக்கொள், இல்லாததற்காகக் கலங்காதே என்பது அவர்களுடைய பாடம். கம்பெனி செலவில் போன அத்தான் வேறு ஆளாகத் திரும்பி வந்தார்.

அன்றிலிருந்து காதில் எந்நேரமும் இயர்போன். யாரோ ஒருவர் கனத்த குரலில் ரோமாபுரியை விளக்கிக்கொண்டே இருப்பார். 'சக்கரவர்த்தி என்ன சொல்றார் தெரியுமா மாப்ள' என்று அத்தான் என்னிடம் ஆரம்பிப்பார். இல்லாவிட்டால் வாத்தியார் சொல்வார்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: இவர்களுக்குச் சொந்தப் பெயர்கள் உண்டு. ஒருவர் ரோமாபுரியை ஆண்டவர். இன்னொருவர் அடிமையாக இருந்து, விடுதலையாகி, ஊனக் காலோடு பாடம் நடத்தியவர். அத்தான் ஏதோ கூட வேலை பார்ப்பவர்களைப் போல சக்கரவர்த்தி, வாத்தியார் என்றே சொல்வதால் நானும் அப்படியே விட்டுவிட்டேன். அடிமையும் அரசனும் ஒரே பாடத்தைச் சொன்னது பெரிய விஷயம் என்று கட்டுரையில் எழுதலாம். இது கட்டுரை இல்லை.)

ஒரு தடவை இரண்டு மாடிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட பேங்க் மேனேஜரிடம், லிஃப்ட் உங்கள் கையில் இல்லை, அதைப் பற்றிய உங்கள் எண்ணம் மட்டும்தான் உங்கள் கையில் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். மேனேஜர் வெளியே வந்த வேகத்தில் புகார் கொடுத்தார். அதே கட்டடத்துப் பல் டாக்டரோ, தான் மாட்டிக்கொண்டால் இவரைத்தான் அனுப்ப வேண்டும் என்று கம்பெனியில் சொல்லிவைத்திருக்கிறாராம்.

அந்தக் குரல் லிஃப்டோடு நின்றிருந்தால் வம்பில்லை. வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தபோது, பொங்குவது பாலின் இயல்பு என்றார். அடுப்பைத் துடைத்தது அக்கா.

3

அக்கா கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்கிறவள். அவளுடைய வேலையே கேள்வி கேட்பதுதான். ஒரு லென்ஸை மாட்டுவாள், மாற்றுவாள், 'இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருந்ததா' என்பாள். தன் அபிப்பிராயத்தை மூச்சுவிட மாட்டாள். பதிலை எதிரே உட்கார்ந்திருப்பவரே சொல்லியாக வேண்டும். சந்தையில் நின்று ஊராரைக் கேள்வி கேட்டே படுத்திய சாக்ரடீஸ் செய்ததும் இதுதானே என்று எனக்கு அன்று உறைத்தது. அவர் பெயரைக்கூட அக்கா எந்தப் பரீட்சைக்கும் படித்ததில்லை.

இதுதான் சண்டை: அவர்கள் கடை வேறு ஊரில் ஒரு கிளை திறக்கிறது. அதை நடத்த அக்காவைக் கூப்பிட்டிருந்தார்கள். இரண்டு வருடம், அதற்கு மேலும் ஆகலாம். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். அத்தானுக்கு இங்கே வேலை, கூடப் போக முடியாது. விஷயத்தை அக்கா சொன்னதும் அத்தான் ஒரு காதிலிருந்து மட்டும் இயர்போனை எடுத்துவிட்டு, லிஃப்ட் குரலில், இது உன் கையில் இருக்கிற விஷயம், நீ எதை முடிவு செய்தாலும் நான் கலங்க மாட்டேன் என்றிருக்கிறார். அவரைப் பொறுத்தவரை அது பரிசு. அக்காவுக்கு அது கன்னத்தில் விழுந்த அறை.

இவ்வளவும் எனக்குச் சமையலறையில் வைத்துச் சொல்லப்பட்டது. "இருன்னு சொல்ல வேண்டாம்டா, போன்னும் சொல்ல வேண்டாம். நான் இல்லேன்னா இவருக்கு ஒரு குறையும் கிடையாதா? அது தெரிஞ்சா போதும்" என்றாள். மனைவி செத்தாலும் கலங்காமல் இருக்க வாத்தியார் ஒரு வழி சொல்லியிருக்கிறார் என்று நான் எடுத்துக்கொடுத்தேன். கரண்டி என் பக்கம் திரும்பியதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

அக்கா ஹாலுக்குப் போய் அத்தான் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கடையில் உட்காருவது போலவே, முழங்கால் முட்டாத தூரத்தில்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நான் இங்க இருக்கிறது. நான் இங்க இல்லாதது. எது தெளிவா இருக்கு?"

அத்தான் யோசித்தார். சக்கரவர்த்தி மெச்சும்படி ஒரு பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்திருப்பார்.

"ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு" என்றார்.

கண் பரிசோதனையில் ஆள் இப்படிச் சொல்லிவிட்டால் சோதனை முடிந்தது என்று அர்த்தம். இனி எந்த லென்ஸை மாற்றியும் பிரயோஜனமில்லை, பவரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடலாம். அக்கா எழுந்து போய்த் துணி மடித்தாள். அத்தான் தான் பாஸாகிவிட்டதாக நினைத்துக்கொண்டு இயர்போனை மாட்டிக்கொண்டார்.

4

கட்டுரையைக் கைகழுவினேன். இப்படி ஒரு வீடு கையில் இருக்கும்போது கட்டுரை எதற்கு?

உட்கார்ந்து ஒரு காட்சி எழுதினேன். சம்மதம் சொல்வதற்காக அக்கா தலைமை அலுவலகம் போகிறாள். லிஃப்ட் நடுவில் நின்றுவிடுகிறது. ஆபத்து மணியை அழுத்தினால் மறுமுனையில் அத்தான் குரல். உள்ளே யார் என்று அவருக்குத் தெரியாது. வாத்தியாருடைய பாடத்தை ஆரம்பிக்கிறார். அக்கா தன்னைக் காட்டிக்கொள்ளாமல் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்கிறாள். உங்களுக்கு வீடு இருக்கிறதா, வீட்டில் யார், அவர் இல்லாவிட்டால் என்ன ஆகும்? கடைசிக் கேள்வியில் அத்தானுடைய குரல் உடைகிறது. இருட்டுக்குள்...

அப்போது எனக்கு என்மேலேயே பெருமை தாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் அச்செடுத்துக்கொண்டு போய் இருவரிடமும் கொடுத்தேன். சாப்பாட்டு மேசையில் பக்கம் பக்கமாகக் கை மாற்றிக்கொண்டு படித்தார்கள். ஒரு வாரமாகச் சரியாகப் பேசிக்கொள்ளாதவர்கள் என்னைக் கிழிப்பதில் மட்டும் ஒன்று சேர்ந்துவிட்டார்கள்.

தான் லிஃப்டில் ஏறவே மாட்டாள் என்பது தம்பிக்குத் தெரியாதா என்றாள் அக்கா. (உண்மை. லிஃப்டின் உள்விவகாரம் எல்லாம் கேட்டுக் கேட்டு, ஆறு மாடியும் படியில்தான் ஏறுவாள்.) அத்தான், ஆபத்து மணி கட்டுப்பாட்டு அறைக்குத்தான் போகும், மெக்கானிக்கின் காதுக்கு வராது என்றார். அந்தக் கட்டடம் அவர் ஏரியாவிலேயே இல்லையாம். கடைசியாகக் காகிதத்தைத் தட்டிக் காட்டி, மெக்கானிக் குரல் உடைந்தால் உள்ளே இருப்பவர் பயத்திலேயே போய்விடுவார் என்றார்.

ஆகவே அந்தக் காட்சி இந்தக் கதையில் இல்லை. நீங்கள் படித்திருந்தால் மறந்துவிடுங்கள்.

5

கைவசம் மூன்று முடிவுகள் வைத்திருந்தேன். அவற்றையும் மேசைமேல் போட்டேன்.

ஒன்று: அத்தான் தேம்பி அழுகிறார், அக்கா கட்டிய பெட்டியைப் பிரிக்கிறாள். இரண்டு: அக்கா போகிறாள், புது ஊர் ஒத்துக்கொள்ளாமல் நாலே மாதத்தில் திரும்பி வருகிறாள். மூன்று: அக்காவே மனசு மாறிப் போகாமல் இருந்துவிடுகிறாள். எல்லாருக்கும் சந்தோஷம், அவளைத் தவிர.

அக்கா மூன்றையும் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். லென்ஸ் மாட்டப்போகிறாள்.

"இதை எதுக்குடா எழுதுறே?"

இதழில் கேட்டார்கள் என்றேன்.

"அவங்க கேட்டது கட்டுரை. கதை யார் கேட்டா?"

அசடு வழிந்தேன்.

"மூணு முடிவுல ஒண்ணுலயாவது நான் போய் நல்லா இருக்கேனா?"

காகிதங்களைத் திருப்பிப் பார்த்தேன். இல்லை. எழுதியபோது எனக்கு அது தெரியவே இல்லை.

"ஏன் இல்ல?"

எனக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அவள் போகக்கூடாது, இரண்டு தெரு தள்ளி அவள் இல்லாவிட்டால் நான் எங்கே போவேன் என்று சொன்னேன். சொல்லிக்கொண்டே அழுதேன். அத்தானை அழவைக்கத்தான் இத்தனை பக்கம் எழுதினேன், அழுதவன் நான். வாசகர்களே, இதில் எனக்கு மானம் போன மாதிரிதான், ஆனாலும் இந்த வரிகளை அடித்துவிடாமல் வைத்திருக்கிறேன்.

அத்தானுக்கு ஓர் ஆள் மாட்டிக்கொண்டால் சும்மா இருக்க முடியாது. இரண்டு காதிலிருந்தும் இயர்போனை எடுத்தார். குரல் தாழ்ந்தது.

"மாப்ள, பதறாதே. நான் இங்கதான் இருக்கேன். மொதல்ல, நம்ம கையில இருக்கிறது எது, இல்லாதது..."

நின்றுவிட்டது. இது என் வெட்டல் இல்லை, அவரே நின்றார்.

"சொல்லுங்க" என்றாள் அக்கா. "எது உங்க கையில இல்ல?"

"நீ."

அத்தான் காகிதங்களை அடுக்கிக்கொண்டே பேசினார். குரலில் லிஃப்ட் இல்லை.

"நீ என் கையில இல்ல. அந்தப் பயிற்சியில மொத நாளே அதுதான் எனக்குப் பட்டுது. பயந்துட்டேன். பயம் தெரியக் கூடாதுன்னுதான் அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கிட்டு இருக்கேன். அன்னிக்கு ரெண்டும் ஒரே மாதிரி இருக்குன்னு சொன்னேன் இல்ல? ஒரே மாதிரிதான் இருந்துச்சு. ரெண்டுமே மங்கலா."

இப்படிச் சிலர் சொல்வதுண்டு என்று அக்கா பிற்பாடு எனக்கு விளக்கினாள். இரண்டிலும் ஒன்றும் தெரியாதவரும் ஒரே மாதிரி என்றுதான் சொல்வார், அங்கே சோதனையை முடித்துவிட்டால் தப்பு கேட்டவர் பேரில். அவள் நாற்காலியை அவர் பக்கம் இழுத்தாள். இந்தத் தடவை முழங்கால் முட்டியது. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நீ கிளம்பு."

முடிவு வேண்டுமே என்றேன்.

"அது உன்னுது இல்லடா."

6

என் கதையிலிருந்து என்னையே வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டார்கள். கொஞ்ச நேரம் கதவோரம் நின்றேன். காதை வைத்தும் பார்த்தேன், மறைக்க என்ன இருக்கிறது. முதலில் அக்கா குரல், பிறகு நெடுநேரம் அத்தான் குரல். அவ்வளவு நேரம் அவர் பேசி நான் கேட்டதே இல்லை. ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை.

திங்கட்கிழமை அக்கா கடையில் பதில் சொன்னாள். என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். இதழாசிரியர் இரண்டு தடவை கேட்டுவிட்டார். முடிவு போகட்டும், அந்தச் சிந்தனையாளர்களின் செல்வாக்கு என்ன என்றாவது ஒரு பத்தி எழுதித் தரலாமே என்றார். அதற்கும் முயன்றேன்:

இரண்டாயிரம் ஆண்டுகளைக் கடந்தும் அவர்கள் நம் வீடுகளில்

இதற்கு மேல் வரவில்லை.

சாக்ரடீஸ் தன் கைப்பட ஒன்றும் எழுதிவைக்கவில்லை என்கிறார்கள். கேட்டார், எதிரே இருந்தவர் பதில் சொன்னார், அவ்வளவுதான். எழுதினால் தீர்ந்துவிடும் என்று நம்புகிற என்னைப் போன்றவர்களை அவர் என்ன செய்திருப்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன். எனக்கும் ஒரு கேள்விதான் மிச்சம், அது உங்களுக்கு.

உங்கள் வீட்டில் ஒருவர் வேறு ஊருக்குப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார். எதிரே உட்கார்ந்திருக்கிறார். நான் இல்லாவிட்டால் உனக்கு எப்படி இருக்கும் என்று கேட்கிறார். கலங்க மாட்டேன் என்ற பதில் செல்லாது. என்ன சொல்வீர்கள்?

எனக்கு எழுதிப் போட வேண்டாம். இதழைக் கீழே வைத்துவிட்டு அவரிடமே போய்ச் சொல்லுங்கள்.