துரை நாற்காலிக்குள் ஒரு படங்கு

இலங்கை மலைநாட்டில், ஹட்டனில் குஷன் கடை வைத்திருக்கும் அன்ஸார் நானாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த நாற்காலியைத் தைத்து முடித்தாலும் தொப்பென்று அதில் ஒருமுறை உட்கார்ந்து பார்ப்பார். அவர் எடையைத் தாங்கிவிட்டால் வேலை சரி. அதற்கு மேல் பரீட்சை ஏது!

தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து பங்களாவைக் காட்சிசாலை ஆக்கப் போகிறார்களாம். அங்கிருந்து வந்தது, தோட்டத்துத் துரைமார் உட்கார்ந்த அந்த நாற்காலி. பழைய துணிக்குச் சேதம் வரக்கூடாது, இற்றுப்போனதை மட்டும் மாற்றலாம் என்று கண்டிப்பான பேச்சு. நானாவிடம் தையல் வேலை பார்க்கும் சுலக்ஷனா ஆணி ஆணியாகப் பிடுங்கினாள். மேலே வெல்வெட், அப்புறம் பூப்போட்ட துணி, குதிரை முடி, தேங்காய்த் தும்பு. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு சாக்கு.

"அந்தப் பழஞ்சாக்க அடுப்புல போட்டுட்டு புதுசு அடி புள்ள," என்றார் நானா.

கையில் எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மேல்முனை இரண்டிலும் கயிறு முறுக்கிக் கட்டிய வடு. வயிறு செடியில் உரசும் இடத்தில் கொழுந்துக் கறை கறுத்துக் கிடந்தது. தையலுக்கு வருமுன் ஆறு வருஷம் தேயிலை மலையில் கொழுந்து பறித்தவள், அவளுக்கா தெரியாது?

"நானா, இது படங்குங்க! கொழுந்தெடுக்கிற பொம்பள இடுப்புல கட்டுனது."

"அதுவும் சாக்குதானே? போடு புள்ள."

"போட மாட்டேன்! வெல்வெட்ட மட்டும் பத்திரமா வப்பீங்க, இத எரிச்சிருவீங்களா?"

நானாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. படங்கைப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்தார். நடுவே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கிழிசல். சாக்கிலிருந்தே இழை உருவி, குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி அடைத்திருந்தாள் எவளோ. சுற்றிலும் சணல் பொடிந்துபோயிருக்க, அந்தத் தையல் மட்டும் கல்லாக நின்றது. முப்பது வருஷம் ஊசி பிடித்த விரலால் அழுத்திப் பார்த்தார். அசைந்தால்தானே!

"யா அல்லாஹ்! எத்தன தொரைமாரு ஒக்காந்திருப்பாங்க இதுக்கு மேல! யாரு புள்ள தச்சது?"

"பேரு யாருக்குங்க தெரியும்? தோட்டத்து லயத்து வீட்டுல இருந்த ஒருத்தி."

சொல்லிக்கொண்டே அவளும் அந்தத் தையலைத் தொட்டுப் பார்த்தாள்.

மூன்று நாள் வேலை. மெல்லிய பிரஷால் தூசி தட்டி, அடியில் பருத்தித் துணி கொடுத்து, இழைக்கு நோகாமல் இடைவெளி பார்த்துத் தைத்தார்கள். கீழே புதுப் பட்டைகளை இழுத்து அடித்தார்கள், இனிப் பாரம் அவற்றுக்குத்தான். படங்கு தன் பழைய இடத்துக்கே போனது.

கடைசி ஆணியும் இறங்கியதும் சுலக்ஷனா ஒதுங்கி நின்றாள்.

"ஒக்காந்து பாருங்க நானா."

நானா கிட்டே வந்தார். தொப்பியைச் சரிசெய்தார். கைப்பிடியை மெதுவாகத் தொட்டார்.

"வேணாம் புள்ள," என்றார். "அவ மேல இவ்வளவு நாளு ஒக்காந்தது போதும்."